மூன்று ஷிஃப்ட் சாப்பாடு

போன ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"என்னாம்மா இப்பிடி எளைச்சிட்ட? ஒடம்புக்கு எதனா...?"

"எதுவும் இல்லீங்க. இப்பத்தான் நல்லா இருக்கேன்."

அவர் நம்பவில்லை. நம் ஊரில் ஒரு பெண் இளைத்தால் ஒன்று வியாதி, இல்லையென்றால் புருஷன் சரியில்லை. மூன்றாவது காரணம் யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

எனக்கு வியாதி இருந்தது உண்மை. போன வருஷம் தொப்புளுக்கு மேலே ஒரு வீக்கம். எங்கள் சுரங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஹெர்னியா, ஆபரேஷன்தான் வழி என்றார் சர்ஜன். கூடவே ஒரு குண்டையும் போட்டார்.

"இந்த எடையோட மயக்க மருந்து குடுக்க எனக்குத் தயக்கமா இருக்கும்மா. குறைச்சிட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து, பத்து வயது மகளைப் பார்த்துப் பார்த்து அழுதேன். மறுநாளே சாப்பாட்டை நிறுத்தினேன். வெறும் மோர்!

எனக்கு வேலை கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். பட்டினியின் மூன்றாம் நாள், சுரங்கத்து ஆபீசர் ஒருவர் கேட்ட லைனை கேன்டீனுக்குப் போட்டுவிட்டேன். பம்ப் ரிப்பேர் என்ன ஆயிற்று என்று அவர் அதட்ட, "உப்புமா தீந்துபோச்சு சார்" என்று பதில் வந்திருக்கிறது. சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. கண் இருட்டியது... நாற்காலியிலேயே சரிந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை ஒரு லேடி டாக்டர். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"எடையைக் குறைக்கச் சொன்னாங்க சரி. பட்டினி கிடக்கச் சொன்னது யாரு?" என்றார், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எப்பெப்ப சாப்பிடுவீங்க? நிதானமா சொல்லுங்க."

சொன்னேன். வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் ஒரு ஷிஃப்ட். கொழுந்தனாருக்கு வேறு ஷிஃப்ட். எனக்கும் மகளுக்கும் பகல். யார் எப்போது வந்தாலும் தனியாகச் சாப்பிட விடலாமா? நானும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்காருவேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "சுரங்கத்துல ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்தாம்மா. நீங்க மூணையும் பார்க்கறீங்க!"

அதன் பிறகுதான் வைத்தியம் ஆரம்பம். ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார். அளவாகச் சோறு, அதைவிட அதிகமாகக் காய், சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். அவரவர் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் — தட்டு மட்டும் கூடாது. அப்புறம் நடை.

நடையா? எங்கே பார்த்தாலும் தெரிந்த முகமாக இருக்கிற இந்த ஊரிலா? புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவோடு முதல் நாள் கிளம்பினேன். எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருக்கோடி போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அப்போது பார்த்து கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்றது.

"பஸ்ஸ வுட்டுட்டீங்களாம்மா? ஏறிக்குங்க!" என்றார் டிரைவர்.

பஸ் முழுக்க என்னையே பார்த்தது. ஏறி உட்கார்ந்துவிட மாட்டோமா என்று காலெல்லாம் கெஞ்சியது.

"இல்லீங்க... டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி யாரிடம் மறைக்க? மறுவாரம் சரோஜா தன் வீட்டு கேட்டருகே நின்றாள். "யக்கா, எனக்கும் முட்டி வலிக்குது. நானும் வரட்டா?"

தீபாவளிக்கு அதிரசம் என்னை வென்றது. எடை மெஷினில் ஏறவே பயந்தேன். முள் ஏறித்தான் இருந்தது. டாக்டர் பார்த்தார்.

"பண்டிகைன்னா அப்படித்தான். நாளைக்கு நடப்பீங்க இல்ல?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பங்குனியில் சர்ஜன் என்னைப் பரிசோதித்துவிட்டு, "இப்ப எனக்குத் தயக்கம் இல்லம்மா" என்றார். எனக்கு இருந்தது! ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசல் வரை வீட்டுக்காரர் என் கையை விடவில்லை. கண் விழித்தபோது முதலில் அவர் முகம்தான் தெரிந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"ம்... தனியாத்தான் சாப்பிட்டேன். ஒண்ணும் ஆயிடல" என்றார். கண் மட்டும் சிவந்திருந்தது.

தையல் ஆறி, மறுபடி நடக்கிறேன். எங்கள் தெருவில் இப்போது பெண்கள் ஒரு கூட்டமாகவே கிளம்புகிறோம். உடம்பை நினைத்து வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை — தைரியமாக டாக்டரிடம் போங்கள்.

அவர் நம்மைத் தின்றுவிட மாட்டார்... அவருக்கும் எடை ஏறும் அல்லவா!