பௌர்ணமி பார்த்த பெட்டி

எங்கள் ஊரில் ஒரு பொருள் நல்லதா இல்லையா என்பதைப் பௌர்ணமிதான் முடிவு செய்யும். லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி, ஓட்டலின் கிரைண்டர், ஆட்டோவின் கிளட்ச், எதை வாங்கப் போனாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பௌர்ணமிக்குத் தாங்குமா?" மலையைச் சுற்ற வரும் கூட்டத்தில் தாங்கிவிட்டால் மற்ற நாட்களில் தாங்கும் என்பது கணக்கு. அதனால் ஊர்க்காரர்களின் வாங்கல் விற்றல் குழுவில் வந்த அந்த விளம்பரத்தைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். "அபூர்வ மாடல் ஹாட்ஸ்பாட். கம்பெனிக்காரன் தயாரிப்பை நிறுத்திட்டான். பௌர்ணமி பார்த்த பெட்டி."

நான் அதை மூன்று முறை படித்தேன். எனக்கு அப்படி ஒரு பெட்டி தேவையாக இருந்தது.

சென்னை நிறுவனம் ஒன்றின் சர்வர்களைக் கண்காணிப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். எங்காவது சிவப்பு விளக்கு எரிந்தால் சில நிமிடங்களுக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். சாதாரண நாட்களில் பிரச்சினை இல்லை. பௌர்ணமி வந்தால் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஏறி சீரியல் பல்பு கட்டுகிறவர்கள் ஃபைபர் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுவார்கள். செல்போனை எடுத்தால் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், ஒரு எழுத்து நகராது. இரண்டு பௌர்ணமிகளில் என் ஷிஃப்டின் நடுவே லைன் போனது. இரண்டாவது முறை டீம் லீடர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை போச்சுன்னா அடுத்த மாசத்திலிருந்து ஆபீசுக்கே வந்துடுங்க" என்றார், ரொம்ப மரியாதையாக.

ஆபீஸ் என்றால் சென்னை, ஹாஸ்டல். அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக. அம்மாவிடம் சென்னைக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். "அங்க வந்து நான் இன்னா பண்றது, ஜன்னலைப் பார்த்துட்டு உக்காரவா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த பௌர்ணமியன்று சாயங்கால ஷிஃப்ட் எனக்கே விழுந்திருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். உள்ளங்கை அகலம்தான். சிம் போட்டால் இணையம் தரும், மற்றதைப் போலத்தான். ஆனால் எந்த டவரைப் பிடிக்க வேண்டும் என்று அதற்கு நாமே சொல்லலாம். இப்போது கடைகளில் கிடைப்பவை அந்தப் பேச்சையே கேட்பதில்லை, பக்கத்து டவரைத்தான் கட்டிக்கொண்டு அழும். மலைக்கு எதிர்ப்பக்கம், கூட்டம் இல்லாத திசையில் நிற்கும் டவரைப் பிடித்தால் பௌர்ணமியைக் கடந்துவிடலாம் என்பது என் கணக்கு. சரியாகத்தான் இருந்தது, காகிதத்தில்.

போவதற்கு முன் போனில் கேள்விகளை எழுதிக்கொண்டேன். யாருடையது, ஏன் விற்கிறார், பேட்டரி உப்பியிருக்கிறதா, வேறு பேட்டரி கிடைக்குமா, திருட்டுப் பொருளா. அம்மா எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு பார்க்கப் போறவன்கூட இவ்ளோ கேள்வி எழுதிட்டுப் போக மாட்டான்."

"எழுதிட்டுப் போனா நல்லதுதானேம்மா?"

"வெளிநாட்டுக்காரன் போட்டுட்டுப் போன சாமானா இருக்கப் போவுது, பாரு."

அதுவே சரியாக இருந்தது. விற்பவர் செங்கம் ரோட்டில், ஆசிரமங்களின் பக்கம், கீழே காபிக் கடையும் மேலே இரண்டு அறைகளும் வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மாடியில் நெடுநாள் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். கல்லாவுக்குப் பக்கத்தில், விபூதித் தட்டை ஒட்டி, பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு அட்டை: "இலவச வைஃபை."

"ஏன் அண்ணா விக்கறீங்க?"

"ஆள் கேக்கும்போது குடுத்துடணும் மேடம். இதுக்கு இப்ப கிராக்கி."

இது பதில் இல்லை என்று குறித்துக்கொண்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி உப்பவில்லை. ஓரத்தில் சிம் போடும் மூடியின் மேல் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் லேசாகத் தொட்டேன்.

"அதை மட்டும் தொட வேணாங்க. எடுத்தா செட்டிங் போயிடும்னு அவர் சொல்லிட்டுப் போனார்."

சிம்மை எடுத்தால் எந்த செட்டிங்கும் போகாது. அதையும் குறித்துக்கொண்டேன். அவர் விடாமல் பெருமை பேசினார். "இன்னொரு விசேஷம் கேளுங்க. டேட்டாவை கம்மியாதான் சாப்பிடும். மாசா மாசம் ரீசார்ஜ் பண்றேன், கடை முழுக்க வீடியோ பார்க்கறாங்க, கடைசியில பார்த்தா டேட்டா அப்படியே மிச்சம் நிக்குது."

அப்படி ஒரு இயந்திரம் உலகத்தில் இல்லை. கடை முழுக்க வீடியோ பார்த்தால் கடை முழுக்க டேட்டா போயே தீரும். இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் பொய் சொல்கிறவர் இவ்வளவு தேவையில்லாத பொய்யை, கேட்காமலே, ஏன் சொல்ல வேண்டும்? கேட்ட விலையும் நான் நினைத்ததைவிடக் கம்மி. அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது. யாரிடமோ போனில்: "காசு வாங்கறீங்க இல்ல? அப்புறம் ஏன் நெட்டு நகர மாட்டேங்குது? ரூம்ல தங்கறவங்க என்னைத்தான் கேக்கறாங்க."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "கெஸ்ட் ஹவுஸ் வெச்சிருக்காங்க. நம்மகிட்ட பேச்சுவார்த்தை இல்ல. என் கஸ்டமர் செருப்பை அவங்க கேட் முன்னாடி விடறாங்களாம், அதுக்கு சண்டை."

நான் எழுந்தேன். "பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் வரேன் அண்ணா. கூட்டத்துல ஓடினா வாங்கிக்கறேன்."

அவர் தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். தயங்கவில்லை. "தாராளமா வாங்க" என்றார். அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

பௌர்ணமி மத்தியானம் செங்கம் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்துதான் போனேன். பையில் லேப்டாப், ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. என் போனில் நெட்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே செத்துவிட்டது. வீட்டு ஃபைபர் காலையிலேயே போயிருந்தது.

கடையில் இடமில்லை. ஆனால் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்கு முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. லேப்டாப்பை அதில் இணைத்தேன். ஓடியது. சர்வர் பக்கங்கள் சட்டென்று திறந்தன. ஊரே திணறும்போது ஒரு சிம் கார்டு இவ்வளவு வேகம் தருவதா? சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. என் வேலையில் அலாரமே அடிக்காத சர்வரைத்தான் முதலில் போய்ப் பார்ப்போம்.

"டேப்பை எடுக்கப் போறேன் அண்ணா."

"செட்டிங் போனா நீங்கதான் வாங்கிக்கணும்."

"சரி."

டேப்பைப் பிரித்து, மூடியைத் திறந்து, சிம்மை அழுத்தினேன். வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பாட்டுக் கச்சேரி வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம், "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருடைய இணையமும் அறுபடவில்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

கடைக்காரர் என் கையில் இருந்த சிம்மையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மேடம் இது?"

பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முன்பு ஒரு முறை பாஸ்வேர்டு போட்ட வைஃபை ஏதாவது பக்கத்தில் இருந்தால் சிம்மை விட்டுவிட்டு அதிலிருந்து இழுத்துக்கொடுக்கும் வசதி அதில் உண்டு. அது இழுத்துக்கொண்டிருந்த வைஃபையின் பெயர் பக்கத்து கெஸ்ட் ஹவுஸின் பெயர்.

"அந்த வெளிநாட்டுக்காரர் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்க தங்கியிருந்தார்?"

அவர் கையை மெதுவாகப் பக்கத்துச் சுவரின் பக்கம் நீட்டினார். "அங்கதான். அந்தம்மாகூட ஒத்துவராம இங்க வந்தார்." பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப இவ்ளோ நாளா அவங்க நெட்டையா ஓட்டிட்டிருக்கேன்? மாசா மாசம் ரீசார்ஜ் வேற பண்ணேனே."

அவர் முகத்தைப் பார்த்தால் நடிப்பாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன். "நிஜமா ஏன் விக்கறீங்க?"

கொஞ்ச நேரம் கல்லாவைத் துடைத்தார். "கீழ்பென்னாத்தூர்ல சொந்தக்காரங்க விசேஷத்துக்கு எடுத்துட்டுப் போனேன், எல்லாருக்கும் காட்டலாம்னு. அங்க சுத்தமா வரல. பெட்டிக்கு வயசாயிடுச்சு, உயிரோட இருக்கும்போதே தள்ளிவிட்டுடலாம்னு…"

பொய்யில் பாதியும் அறியாமையில் பாதியுமாக இருந்தார். சிம்மைத் திரும்பப் போட்டு, வைஃபை இழுப்பதை நிறுத்தி, எதிர்ப்பக்கத்து டவரைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. அந்தத் திசையிலும் கூட்டம்தான். செட்டிங்கை முன்பு இருந்தபடியே மாற்றி, பெட்டியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அபூர்வ மாடலின் கதை அங்கே முடிந்தது.

"அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

"நான் சொல்லல. ஆனா நீங்க ஆஃப் பண்ணிடணும்." அவர் பெட்டியை அணைத்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை உலுக்கினார்கள்.

எனக்குத் தேவையானது அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. செருப்புக் குவியலைத் தாண்டி கெஸ்ட் ஹவுஸின் கேட்டைத் தட்டினேன். சாயங்காலம் மட்டும் ஒரு மேசையும் வைஃபையும் வேண்டும், வாடகை தருகிறேன் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னை அந்தக் காபிக் கடையில பார்த்தேனே. அவன் அனுப்பிச்சானா?"

"இல்லக்கா. அவர்கிட்ட ஒரு சாமான் பார்க்க வந்தேன். சரிப்படல."

"அவன்கிட்ட எது சரிப்படும்?" ஆபீஸ் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, போட்டோவையும் என்னையும் ஒத்துப் பார்த்தார். வீடு எந்தத் தெரு, அம்மா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். நான் கேள்வி கேட்பவள். பதில் சொல்லும் பக்கம் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது. கடைசியில் முன்னறையில் ஒரு மேசையைக் காட்டினார். "உன் அதிர்ஷ்டம், இன்னிக்குத்தான் நெட்டு ஒழுங்கா ஓடுது. காலையில கம்பெனிக்காரனை நல்லாக் கேட்டேன், அதான்."

நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

ஷிஃப்ட் தொடங்கியது. வெளியே கூட்டம் ஆறாக நகர்ந்தது, உள்ளே என் திரையில் எல்லாம் பச்சை. இருட்டத் தொடங்கிய பிறகு பக்கங்கள் மெதுவாயின. ஒரு சர்வர் மஞ்சளாகி, அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர நேரம் பிடித்தது. டீம் லீடர் கேட்டார்: "லைன் ஓகேவா?" ஓகே என்று எழுதினேன், அது போவதற்குள் வேர்த்துவிட்டது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். சுவருக்கு மேலாகக் காபிக் கடையின் கல்லா தெரிந்தது. விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு.

"அண்ணா!"

அவர் என்னைப் பார்த்தார். இரு கைகளிலும் காபி டம்ளர்கள். "கூட்டம் கேக்குதும்மா. கொஞ்ச நேரம், கொஞ்சமே நேரம்."

"என்ன கொஞ்ச நேரம்?" என்று என் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்த அம்மா.

சொல்ல மாட்டேன் என்று சொன்னது நினைவிருந்தது. மஞ்சளாக இருந்த சர்வரும் நினைவிருந்தது. நான் தள்ளி நின்று ஜன்னலில் அவருக்கு இடம் விட்டேன். அவர் என் திரையைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார், "இலவச வைஃபை" அட்டையைப் படித்தார். அவரிடம் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் வைஃபை பாஸ்வேர்டு பெட்டிக்குள் எப்படிப் போனது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைக்குப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் பெட்டி இருந்தது. என் மேசையில் வைத்தார். "இதைக் கேட்டுத்தானே வந்தே? வெச்சுக்கோ."

திரையில் பக்கங்கள் பட்டென்று திறந்தன. மஞ்சளைப் பச்சையாக்கினேன். கடைக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"அக்கா, கார்டும் போனும்தான் வெச்சிருக்காங்க எல்லாரும். காசு வாங்க முடியல."

"இப்ப அக்காவா நான்?" என்றார் அந்த அம்மா. "காசு வாங்கறதுக்கு மட்டும், உன் ஒரு போனுக்கு மட்டும் தரேன். அந்த அட்டையைக் கழட்டு. இனிமே ஒரு செருப்பு என் கேட்டு முன்னாடி கிடக்கக் கூடாது."

கடைக்காரர் அங்கேயே குனிந்து செருப்புகளை அள்ள ஆரம்பித்தார். யாருடையவை என்று தெரியாமலே இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போனார்.

ஷிஃப்ட் முடியும்வரை லைன் அறுபடவில்லை. பெட்டியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பௌர்ணமிக்கும் அதே மேசை வேண்டும் என்று கேட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப இங்கயே இருக்கப் போறே" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. உறுதியாகப் பதில் சொல்வதற்கு முன் நான் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் போய், அவர்களுடைய கேபிள் எங்கிருந்து வருகிறது என்று கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பின்தெரு வழியாக, கூட்டம் போகாத பக்கமாக வந்தது. அதனால்தான் பௌர்ணமியில் தப்பித்திருக்கிறது. தெருக்கோடியில் ஒரு கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் கடை ஒன்றுக்காக ஒருவர் மேலே நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தக் கறுப்பு ஒயரை மட்டும் இழுத்துடாதீங்க."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார்.

"எதும்மா? இங்க எல்லாமே கறுப்பாதான் இருக்குது."