முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து

கண்ணில் கருவியை மாட்டி ஆடும் விஆர் விளையாட்டில், கையில் பிடிக்கும் பழைய கன்ட்ரோலரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் கையே காணாமல் போய்விடும். இப்போது வாங்கிய புதியது அப்படியில்லை, கை போகும் இடமெல்லாம் கூடவே வருகிறது.

ஜொகூரில் வேலை பார்க்கும் நான், கிள்ளானில் இருக்கும் மகளை அந்த விஆர் அறையில்தான் தினமும் சந்திக்கிறேன். நேற்று ஒரு பந்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “எந்தக் கைன்னு சொல்லு?” என்றேன். அப்படியே என் அப்பாவின் குரல்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில், எஞ்சின் எண்ணெய் வாசனையோடு அப்பா இப்படித்தான் நிற்பார். நான் எந்தக் கையைச் சொன்னாலும் மிட்டாய் அதில்தான் இருக்கும். நீட்டுவதற்கு முன் அவர் முதுகுக்குப் பின்னால் மிட்டாய்த் தாள் சரசரக்கும். கேட்காததுபோலக் குதிப்பேன். “எம் மவன் கெட்டிக்காரன் லா” என்று அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போவார்.

“உங்க லெஃப்ட் கை!” என்றாள் மகள். பந்து வலது கையில் இருந்தது. மெல்ல இடது கைக்கு மாற்றினேன். கன்ட்ரோலர் உள்ளங்கையில் லேசாக அதிர்ந்தது. நீட்டியதும் அவள் குதித்தாள்.

திரும்பியபோதுதான் கவனித்தேன். அந்த அறையில் எனக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. என் முதுகும் பந்தும் அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கின்றன; வலது கையில் பார்த்துவிட்டுத்தான் லெஃப்ட் என்றிருக்கிறாள்.

“இன்னொரு வாட்டி, பா!”

கண்ணாடியைப் பார்க்காதவன்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.