ஓர் ஆள் கூடுதல்

எங்கள் ஊர்ப் பேய் உள்ளூர்ப் பேய் அல்ல. வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி போக வேண்டிய ஒரு நிலக்கரி ஊரிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் மேஸ்திரி. செய்யாற்றங்கரையில், காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவிலிருந்து சுரங்க வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனவர் அவர்தான். ஆட்களைக் கொண்டுபோனார், பேயைக் கொண்டுவந்தார்.

போன வாரம் என் பேரன் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாழடைந்த ஒரு கரிச் சுரங்க ஊர், தலையில் விளக்கு மாட்டிய பேய், பின்னால் ஒரு கொட்டுச் சத்தம். அணைக்கச் சொன்னேன். தாத்தா பயந்துவிட்டார் என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டான். எனக்குப் பயம் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டும் அடங்காத கோபம்தான்.

மேஸ்திரி லீவில் வந்தால் பஜனைக் கோயில் எதிரில் உட்கார்ந்து கதை சொல்வார். அந்த ஊரில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் ஒரு பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதில் அவனுடைய நம்பர் வெட்டியிருக்கும். மேலே வந்ததும் பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பெயரைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. வில்லைதான் ஆள்.

சில நாட்களில் வில்லையெல்லாம் சரியாக இருக்கும், மேலே வந்த தலைகளை எண்ணினால் மட்டும் ஓர் ஆள் கூடுதலாக இருப்பானாம். முன்பு எப்போதோ பாறை சரிந்து உள்ளேயே தங்கிவிட்டவன், வேலை முடிந்ததென்று கூட்டத்தோடு கூட்டமாக ஏறி வந்துவிடுவான். எல்லா முகத்திலும் கரி அப்பியிருக்கும், அவன் எவன் என்று தெரியாது. அப்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கக் கூடாது. குனிந்த தலையோடு கலைந்துவிட வேண்டும். பார்த்து, அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுநாள் கூப்பிட்டவனுடைய ஆணி காலி.

“அந்த ஊர்ல ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கமாட்டான்யா” என்பார் மேஸ்திரி.

“அப்போ கடன் குடுத்தவன் கதி இன்னா மேஸ்திரி?” என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். சிரிப்பு அடங்க நேரமாகும்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் அங்கே போயிருந்தார்கள். முதலில் போனவர் சித்தப்பா. அவருக்கு நம்பர் கிடைத்தது, வில்லையும் கிடைத்தது. அடுத்த வருஷம் மழை பொய்த்தபோது அண்ணனையும் அழைத்துக்கொண்டார். அந்த அண்ணன்தான் என் அப்பா. நைனா என்று கூப்பிடுவேன். நைனாவுக்கு நம்பர் கிடைக்கவில்லை. அங்கே இங்கே மண் சுமந்துகொண்டு, இன்றைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும் என்று காத்திருப்பதாகச் சித்தப்பாவின் கடிதங்களில் வரும்.

ஒருநாள் மேஸ்திரி லீவு இல்லாமலே வந்தார். சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்துவிட்டது என்றார். உடம்பு எதையும் எடுக்க முடியவில்லை. பலகையில் சித்தப்பாவின் ஆணி காலி.

சின்னம்மா மண்ணில் புரண்டு அழுதாள். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. அந்த அழுகை நிஜமானது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அவள் பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். சித்தப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, கையில் ஒரு பெண்குழந்தைதான். அதனால் எட்டு வயதில் எனக்கு மொட்டையடித்து, ஈர வேட்டி கட்டி, நெருப்புச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். பிணம் இல்லாததால் சித்தப்பாவின் பழைய வேட்டியைப் பாடையில் கிடத்தி எரித்தோம். எனக்கு அழுகை வரவில்லை, புகையில் கண் எரிந்தது. அம்மா என் மொட்டைத் தலையைத் தடவிச் சொன்னாள்: “உங்க நைனா வந்து கேட்டா சந்தோசப்படுவாரு. தம்பிக்கு எம் புள்ள செஞ்சிட்டான்னு.”

நைனா எங்கே என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

“அவன் பேரு எந்தக் கணக்குலயும் இல்லியேம்மா. தண்ணி பூந்த அன்னிக்கு எல்லாம் செதறி ஓடிச்சிங்க. எங்கனா பொழச்சிக் கெடப்பான், வருவான்.”

மேஸ்திரி சொன்னது அவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஊர் அதை வளர்த்துவிட்டது. அங்கே ஒரு வடக்கத்திக்காரியோடு ஓடிவிட்டார், இரண்டு குழந்தைகள் என்றார்கள். ஆறு மாதத்தில் இரண்டு குழந்தைகள் எப்படி என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கிணற்றடியில் அம்மா காதில் விழும்படியே பேசினார்கள்.

“பொட்டு மட்டும் பளிச்சினு கீது. வெச்சவனத்தான் காணோம்.”

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மறுநாள் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைப்பாள்.

சுரங்கத்திலிருந்து வந்த நஷ்டஈட்டுப் பணத்தில் சின்னம்மா ஏரிப் பாய்ச்சலில் ஒரு துண்டு நிலம் வாங்கினாள். அதில் அம்மா கூலிக்கு நாற்று நட்டாள். தாலி அறுத்தவள் வரப்பில் நின்றாள், தாலி கட்டியவள் சேற்றில் நின்றாள்.

சாயங்காலம் நான் ரோட்டுக்குப் போய்விடுவேன். உத்திரமேரூர் பஸ் நிற்கும். இறங்குகிறவர்களை எண்ணுவேன். எனக்கு எண்ணுகிற வியாதி அங்கேதான் பிடித்தது. எத்தனை பேர் இறங்கினாலும் எப்போதும் ஓர் ஆள் குறைவு. வீட்டுக்கு வந்தால் அம்மா ஆழாக்கில் அரிசி அளந்துகொண்டிருப்பாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, நைனாவுக்கு ஒன்று. கடைசி பஸ்ஸில் வந்து பசியோடு நின்றால் என்ன செய்வது? அந்த மூன்றாவது பங்கு சட்டியில் மூடி இருக்கும். நான் பசியோடு அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு அம்மா வேலைக்குப் போவாள்.

இந்தச் சமயத்தில்தான் பேய் வந்தது. உச்சி வெயிலில், ஊரே வயலில் இருக்கும் நேரத்தில், ஆற்று மணலில் கறுப்புக் கம்பளி போர்த்திய ஓர் உருவம் சின்னம்மா வீட்டுக் கொல்லைப் பக்கம் போனதை மாடு மேய்க்கிறவர் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் யாரோ பார்த்தார்கள். நடவுக்காரிகள் இதைப் பேசியே பொழுதைக் கழித்தார்கள்.

“பேய்க்கு இன்னாடி குளுரு? கம்பளி போத்திகினு வர்து?”

“பூமிக்குள்ள கெடந்துதில்ல, சில்லுனு இருந்திருக்கும்.”

மேஸ்திரி சொல்லிவைத்திருந்த விதி எல்லோருக்கும் தெரியும். வருகிறவன் பசிக்கு வருகிறான், முகத்தைப் பார்க்காதீர்கள், பெயரைச் சொல்லாதீர்கள். சின்னம்மா கொல்லையில் சோறு வைப்பதாக ஊரில் பேச்சு. செத்த புருஷனுக்கும் சோறு போடுகிறாளே என்று மெச்சினார்கள். உயிரோடு இருக்கிற புருஷனைப் பிடித்துவைக்கத் தெரியாதவள் என்று அதே மூச்சில் அம்மாவையும் சொன்னார்கள்.

அன்று சின்னம்மாவின் நிலத்தில் நடவு. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தும் கூழ் வரவில்லை. அம்மா, “ஓடிப்போயி சின்னம்மாவக் கேளுடா, கூழு இன்னும் ஆவலியான்னு” என்று அனுப்பினாள்.

முன்கதவு சாத்தியிருந்தது. வழக்கம்போல் கொல்லைப் பக்கமாகப் போனேன். அடுப்படியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். கம்பளி பக்கத்தில் சுருட்டிக் கிடந்தது. பாதத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. நெற்றியில் நீலமாக ஒரு தழும்பு. காயத்துக்குள் கரி புகுந்தால் அப்படி ஆகும் என்று, போன லீவில் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிச் சிரித்த அதே தழும்பு.

தண்ணீர்ச் செம்போடு வந்த சின்னம்மா கத்தினாள்: “டேய், பாக்காதடா!”

நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்தார். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியது மனிதர்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே பேய் திருப்பிக்கொண்டது.

எனக்கு இம்மியும் பயம் வரவில்லை. அப்படி ஒரு சந்தோஷம். வயல் வரைக்கும் நிற்காமல் ஓடினேன். வரிசையில் கடைசியில் நின்றிருந்த அம்மாவைக் கரைக்குக் கூப்பிட்டு, காதோடு சொன்னேன்.

“சித்தப்பா சாவலம்மா! சோறு துன்னுகினு கீறாரு. காலெல்லாம் கீது, நா பாத்தேன்.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் அன்று கண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவளோடு இருந்தும், அந்த முகத்தை மறுபடி காணவில்லை.

“அவரு மட்டுமா? கூட யாருனா கீறாங்களா?”

“அவரு மட்டுந்தான்.”

“உங்க நைனாவப் பத்தி எதுனா சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல. என்னப் பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த நாற்று முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பத்திரமாக வரப்பில் வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சித்தப்பாவின் குரல் கேட்கவே இல்லை. சின்னம்மாவின் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது.

“அன்னிக்கி அவருக்கு ஜொரம்கா... மாமாதான் நான் போறேன்னு வாங்கிகினு... வெளிய தெரிஞ்சா ஜெயிலுக்குத்தான்கா போவணும், நெலமும் பூடும்... எம் பொண்ணு தலையில அடிச்சி சத்தியம் பண்றேன், உம் புள்ளைய நான் படிக்க வெக்கிறேன்...”

வெகுநேரம் கழித்து அம்மா கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொட்டு அப்படியே இருந்தது. வயலில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பையன் எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தானே, என்ன?

“பேய்தான்” என்றாள் அம்மா. “கறுப்பா இருந்துது. மூஞ்சிய நான் பாக்கல.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் கொண்டுவந்த நல்ல சேதியை எனக்கு முன்னாலேயே பொய்யாக்கினாள். “இல்ல, சித்தப்பா...” என்று ஆரம்பித்தேன். கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பேயின் பெயரைச் சொல்ல விடாமல் பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று நடவுக்காரிகள் அதற்கும் ஒரு பாராட்டுச் சொன்னார்கள். அதன் பிறகு பேய் வரவில்லை. எந்த ஊரில், எந்தப் பெயரில் இருந்து செத்ததோ தெரியாது.

சின்னம்மா வாக்குத் தவறவில்லை. படித்தேன், வேலைக்கும் போனேன். ஆபீசில் அந்தக் கரி ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சேர்ந்தார். நம்பர் உள்ளவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வில்லையை வாங்கிக்கொண்டு நம்பர் இல்லாதவன் இறங்குவான், மேஸ்திரிகளுக்கு அதில் பங்கு உண்டு என்று டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். கணக்கு எளிது. போனவர்கள் இரண்டு பேர். காலியான ஆணி ஒன்று. திரும்பி வந்தவர் சித்தப்பா. இந்தக் கழித்தலைப் போட எனக்கு, எதையும் எண்ணுகிற எனக்கு, இருபது வருஷம் பிடித்தது. அம்மா சேற்றுக் காலோடு நின்றபடி ஒரு நொடியில் போட்டுவிட்டாள். வேட்டியை எரித்தபோது நான் யாருக்குக் கொள்ளி வைத்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அம்மா சாகும்வரை பொட்டு வைத்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு வைத்தாள். அவள் போனபோது மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, சுமங்கலியாகப் போகிறாள் புண்ணியவதி, ஓடிப்போனவன் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் அத்தனை வருஷம் வாங்கிய ஏச்சுக்கு அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். சின்னம்மா ஒரு மூலையில், வெள்ளைப் புடவையில், தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அறை வாங்கிய அன்று ராத்திரி அம்மா வழக்கம்போல் மூன்று ஆழாக்கு அரிசிதான் அளந்தாள். கை பழக்கத்தில் அளந்திருப்பாள். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு என் பங்கைத் தின்றேன். அம்மா தன் பங்கைத் தொடவில்லை. எழுந்து போய் மூடியை எடுத்து, நைனாவின் சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்து என் தட்டில் கவிழ்த்தாள்.

“நைனாவுக்கு?” என்றேன்.

“நீ துன்னு.”

தின்றேன். வயிறு முட்டத் தின்று வெகுநாள் ஆகியிருந்தது. அறைந்ததற்குச் சமாதானம் செய்கிறாள் என்று நினைத்தேன். நான் தின்று முடிக்கும்வரை அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே தெனமும் இப்டிப் போடுவியா?”

“தெனமும்” என்றாள்.

கன்னத்து வலியெல்லாம் மறந்துவிட்டது. நைனா இன்னும் கொஞ்ச நாள் கழித்தே வரட்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.