உள்ளே ஆள், வெளியே பூட்டு

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் பிரியும் சாலையில் எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்ற பிறகு மாடியில் நான்கு அறை எழுப்பினேன். கார்க் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. தெற்கத்திப் பையன்கள் பையும் பாயுமாக வந்து இறங்கினார்கள். அறைக்கு இரண்டு பேர் என்று சொல்லித்தான் விட்டேன். ஆனால் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும் செருப்புகளை எண்ணினால் எட்டு ஜோடிக்கு மேல்தான் வரும்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கிடங்கில் சரக்கு சரிபார்த்தவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணத்தான் தோன்றும். தொட்டி நிரம்ப மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது, ஒருத்தன் குளிக்க எத்தனை வாளி, ஆளில்லாத அறையில் எத்தனை விளக்கு எரிகிறது என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். என் மனைவிக்கு இது சிரிப்பு. "எண்ணிக்கினே இருங்க, தண்ணி தானா ஏறிடும்" என்பாள். பையன்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கருப்பட்டி, மக்ரூன், முறுக்கு என்று அவளிடம்தான் கொடுப்பார்கள். என்னிடம் கொடுத்தால் எண்ணிவிடுவேனாம்.

கடைசி அறையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பயிற்சியாளன். அதிகம் பேசமாட்டான். குளித்த பிறகு குளியலறைத் தரையில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு வருவான். நான்கு அறையிலும் அதைச் செய்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு இரவு ஷிப்ட் என்றால் அறைத் தோழனுக்குப் பகல் ஷிப்ட். காலையில் இவன் கண் சிவந்து வந்து படுப்பான். தோழன் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுச் சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போவான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். எங்கள் பகுதியில் அப்போது இதுதான் நடைமுறை. கதவு திறந்திருந்தால் தண்ணீர்க் கேன்காரன் தட்டுவான், சீட்டுப் பணம் கேட்பவன் தட்டுவான், இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டுப் பக்கத்து அறைக்காரன் தட்டுவான். உள்ளே தாழ் போட்டாலும் அதே கதைதான். வெளியே பூட்டு தொங்கினால் ஒருத்தரும் தட்டமாட்டார்கள். எழுந்ததும் பையன் ஜன்னல் வழியாக "அம்மா" என்று ஒரு குரல் கொடுப்பான். என் மனைவி போய்த் திறந்துவிடுவாள். திறக்கும்போதே கையில் காப்பியும் இருக்கும். இதற்காக நான் அவளிடம் பலமுறை குறைபட்டிருக்கிறேன். வாடகையில் காப்பி சேர்த்தி இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம் ஒரு நர்சரி பள்ளிக்கூடம். ஆங்கில வழி. எல்கேஜி குழந்தைகளை மத்தியானமே வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வேன் என்றால் இருபது இருபத்திரண்டு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. பள்ளிக் குழந்தைகளை இறக்கிவிட்டு, அதே வண்டியில் அதே டிரைவர் இரண்டாம் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போவார். எங்கள் பக்கத்தில் பாதி வேன்களுக்கு இதே பிழைப்பு. பின் கண்ணாடியில் பள்ளிப் பெயரும் முன் கண்ணாடியில் கம்பெனி அட்டையுமாக ஓடும்.

அன்று வேனில் கூட வரவேண்டிய ஆயா வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண், தன் குழந்தைக்காக வழக்கமான இடத்தில் நின்றிருக்கிறாள். வேன் வந்தது, மற்ற குழந்தைகள் இறங்கின, அவளுடைய குழந்தை இறங்கவில்லை. டிரைவரைக் கேட்டதற்கு, "இன்னைக்கு ஏறலையேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். அவள் பள்ளிக்கு ஓடினாள். பள்ளியில், "நாங்கள் வேனில் ஏற்றிவிட்டோமே" என்றார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து அலற ஆரம்பித்தாள்.

அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. கிணறு, ஏரிக்கரை, கட்டி முடிக்காத வீடுகள் என்று தேடினார்கள். பிறகு யாரோ, "மாடியில பசங்க ரூம் கீதே" என்றார்கள். அவ்வளவுதான். கூட்டம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. முன்னால் வந்தவர் கூட்டுரோட்டில் கோழிக்கடை வைத்திருப்பவர். நான் எண்ணினேன், நாற்பது பேருக்குக் குறையாது. அதில் அந்தக் குழந்தையின் முகம் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

மற்ற அறைகளைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைசி அறைக்கு வந்தார்கள். கோழிக்கடைக்காரர் ஜன்னல் திரை ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வெளிய பூட்டு தொங்குது, உள்ள ஃபேன் சுத்துது?"

"உள்ளே ஆள் இருக்கிறான்" என்றேன் நான். "தூங்குகிறான். சாவி என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன்."

நான் சொன்னதில் 'உள்ளே ஆள் இருக்கிறான்' என்பதைத் தவிர வேறெதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. நான் கீழே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியில் பாதி ஏறுவதற்குள் பூட்டு உடைந்த சத்தம் கேட்டது. கைலியோடு பாயில் குப்புறக் கிடந்தவனை இழுத்து நிறுத்தி, கோழிக்கடைக்காரர் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தார். பையன் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. "என்னண்ணே, ஷிப்டு மாறிட்டா?" என்று கேட்டானாம். சூப்பர்வைசர் என்று நினைத்துக்கொண்டான்.

அறையில் இரண்டு பாய், ஒரு ரைஸ் குக்கர், கயிற்றில் காயும் யூனிபாரம். வேறொன்றும் இல்லை. குழந்தை அங்கே இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவனைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவி குறுக்கே போய் நின்றுகொண்டாள். அவ்வளவு கூட்டத்தின் முன்னால் அவள் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. "அவன் மேல கை வெச்சா முதல்ல என் மேல வைங்க" என்றாள். கோழிக்கடைக்காரர் பின்வாங்கினார். பையன் அவள் பின்னால் நின்று கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. முன் சீட்டில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் கிரீம் பிஸ்கட், தலையில் யாரோ வைத்துவிட்ட கனகாம்பரம்.

குழந்தை வேனில் ஏறித்தான் இருக்கிறது. கடைசி சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டது. டிரைவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பிறகு ஷிப்டுப் பெண்கள் ஏறியபோது குழந்தை விழித்துக்கொண்டது. அந்த டிரைவர் தன் மகளுக்கு லீவு என்றால் அவளை வண்டியில் கூட்டிவருவது உண்டு. அதனால் பெண்கள் அதை அவருடைய குழந்தை என்றே நினைத்து மடியில் வைத்துக் கொஞ்சி, பூ வைத்து, பிஸ்கட் கொடுத்து வந்திருக்கிறார்கள். கம்பெனி கேட்டில் இறங்கும்போது ஒருத்தி, "அண்ணே, உங்க பொண்ண முன்னாடி உக்கார வெச்சுக்கோங்க" என்று நீட்டினாளாம். டிரைவருக்கு அப்போதுதான் உயிர் போய் வந்திருக்கிறது. பள்ளிக்குப் போன் போட்டுப் பார்த்தார். எடுக்க அங்கே ஆள் இல்லை. எல்லோரும் எங்கள் தெருவில் நின்றிருந்தார்கள்.

தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். நாங்களும் அழுதோம். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

முடியவில்லை. அவ்வளவு பேர் பயந்தாகிவிட்டது, ஓடியாகிவிட்டது, பூட்டை உடைத்தாகிவிட்டது. அத்தனைக்கும் காரணம் ஒரு குழந்தையின் தூக்கம் என்றால் யாருக்கும் மனசு ஒப்பவில்லை. தாய் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாள் என்று ஒரு பேச்சு. ஆயா லீவு போட்டதுதான் காரணம் என்று ஒரு பேச்சு. பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் வேனைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளியைச் சுற்றி வெளியூர் ஆட்கள் அதிகம் தங்கியிருப்பதால் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, பள்ளி இருக்கும் தெருவில் பேச்சிலர்களுக்கு வீடு விடக்கூடாது என்று முடிவு செய்யப்போவதாகத் தெரிந்தது. முதலில் காலி செய்ய வேண்டியவன் கடைசி அறைக்காரன் என்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பையனைக் கூப்பிட்டேன். குன்றத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அறை காலியாக இருந்தது. கம்பெனி பஸ் அங்கேயும் வரும். அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

"நீங்க போகச் சொன்னா போயிருதேன், ஐயா. ஆனா இப்பம் போனம்னா, நாந்தான் என்னமோ செஞ்சிட்டேன்னு ஆயிரும்லா? எங்க ஊர்க்காரப் பயலுவ இங்க அம்பது பேர் இருக்கான். நாளைக்கே எங்க அம்மைக்குப் போன் போயிரும்."

"அடித்தவன் வெட்கப்படாமல் இருக்கிறான். நீ எதற்கு?"

"அடி கெடக்கு. பேருல்லா முக்கியம்."

என் மனைவி உள்ளிருந்து, "அவன் எங்கயும் போல. நீங்க வேணும்னா குன்றத்தூர் போய் இருங்க" என்றாள்.

மறுநாள் கூட்டம் பள்ளியின் தகரக் கொட்டகையில் நடந்தது. தாளாளர் பேசினார், வார்டு உறுப்பினர் பேசினார். எழுந்து நின்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அன்று வேனில் எத்தனை குழந்தைகள் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள்? எண்ணியது யார்? இந்தத் தெருவில் ஒரு பேச்சிலர்கூட இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தை கம்பெனி கேட் வரைக்கும் போயிருக்குமே?

"பெருசு கணக்கு ஆரம்பிச்சிடுச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். தாளாளர், "உங்க ஆலோசனையைக் குறிச்சுக்கறோம் சார்" என்றார். அவர் கையில் பேனாவே இல்லை.

கோழிக்கடைக்காரர் எழுந்தார். "அதெல்லாம் சரி. நல்லவனா இருந்தா எதுக்கு வெளிய பூட்டு போட்டுக்கினு உள்ள படுக்கணும்? அத்தச் சொல்லுங்க முதல்ல."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து குழந்தையின் தாய் எழுந்துவிட்டாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, எங்க வூட்டுக்காரு டயர் கம்பெனில நைட் ஷிப்ட். நான் புள்ளைய இட்டார போறப்போ அவர உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் வருவேன். அன்னிக்கும் அப்டித்தான். புள்ள காணாம போயி ஊரே கத்திக்கினு இருந்துச்சு, அவரு உள்ள தூங்கிக்கினு இருந்தாரு. புள்ள கெடச்சி, வூட்டுக்குப் போயி, நான் பூட்டத் தொறந்து சொன்னப்புறந்தான் அவருக்கே தெரியும்."

கொட்டகையில் எந்தப் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது என்று தெரியவில்லை. அவள் கணவர் ஆண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். "எங்க சந்துல மட்டும் ஆறு வூட்ல பகல்ல பூட்டு தொங்கும். நீங்க ஏன் அண்ணா அதுல ஒண்ணக்கூட உடைக்கல?"

ஓர் அம்மாள், "எங்க வூட்டையும் சேத்துக்கோ, ஏழு" என்றாள். இன்னொருத்தி தன் வீட்டையும் சொன்னாள். நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை வந்தது. அதற்குமேல் சிரிப்பில் காது கேட்கவில்லை. கோழிக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். வார்டு உறுப்பினர் கடியாரத்தைப் பார்த்து, வேறொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

முடிவு எதுவும் அறிவிக்கப்படவில்லை. ரத்து என்றும் யாரும் சொல்லவில்லை. பேச்சு அப்படியே நின்றுபோயிற்று, பையனும் தங்கிவிட்டான். அடுத்த மாதம் பள்ளிச் சுவரில் ஒரு கேமரா வைத்தார்கள். வேன் நிற்கும் இடத்தைப் பார்த்து அல்ல, எங்கள் மாடிப்படியைப் பார்த்து. டிரைவரை மாற்றினார்கள். புதிதாக வந்தவரும் பின் சீட்டு வரை போய்ப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் இரண்டு முறை பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். மூன்றாம் முறை வாட்ச்மேனே, "குறிச்சுக்கினாங்க சார்" என்று அனுப்பிவிட்டார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் கோழிக்கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகன். ஐடிஐ முடித்திருக்கிறானாம். மாடிப் பையனைப் பார்க்க வேண்டும் என்றார். என்ன தைரியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வருகிறதா என்று நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

பையன் இறங்கி வந்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா, எடுக்காவண்ணே. பயோடேட்டா குடுங்க. எச்ஆர்ல ஒரு அக்கா இருக்காவ, நான் குடுத்திருதேன்."

மகன் காகிதத்தை நீட்டினான். பையன் அதை ஒரு முறை வாசித்துவிட்டு, ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். என் மனைவி மூன்று டம்ளர் காப்பியோடு வந்தாள். எனக்கு இல்லை. நான் முறைத்தது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

கோழிக்கடைக்காரர் காப்பியைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மகன் கொஞ்சம் தள்ளிப் போனதும் மெல்லக் கேட்டார்:

"அன்னிக்கு... ரொம்பப் பட்டுடுச்சா தம்பி?"

"பாதி தூக்கத்துல இருந்தேன்லா அண்ணே" என்றான் அவன். "பாதிதான் பட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.