நிரம்பாத கிடங்கு

காலை 6.10. கொழும்பிலிருந்து வந்த இரவுப் பேருந்து என்னை யாழ்ப்பாண நகரில் இறக்கியது. அங்கிருந்து மருதனார்மடத்துக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்குத் தொள்ளாயிரம் ரூபாய். என் பையில் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, நீரின் காரத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்கீற்றுகள், பதினொரு கேள்விகள் கொண்ட படிவம்.

பிளாஸ்டிக் போத்தல் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியியலாளர். விற்ற போத்தல்களில் ஒரு பங்கைத் திரும்பச் சேர்த்து மீள்சுழற்சிக்கு அனுப்புவதாக நிறுவனம் தானாகவே வாக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் எதுவும் அதைக் கேட்கவில்லை. வடக்கில் அந்த வேலை நடக்கும் முற்றத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவதே என் பயணத்தின் நோக்கம். இதைச் சொன்னதும் வண்டிக்கார அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எங்கடை குப்பையைப் பாக்கக் கொழும்பில இருந்து ஆள் வருதோ?"

7.30. முற்றத்தை நடத்துபவர் ஜெனிற்றா அக்கா, குருநகர்க்காரி. அவருடன் ஆறு பெண்கள். வல்வெட்டித்துறைக் கரையிலிருந்தும் நகரிலிருந்தும் வரும் போத்தல்களைத் தரம் பிரித்து, கோஸ்ரிக் சோடா என்னும் கடுங்காரமும் சவர்க்காரத் தூளும் கரைத்த சுடுநீரில் ஊறவைத்து, லேபல் பசையை நீக்கி, அலசிக் காயவைத்து, அமுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு போத்தலைத் தடவிப் பார்த்தேன். பசை துளியும் இல்லை. அலசிய நீரில் கீற்றை நனைத்தேன்: ஏழரை. எட்டுக்கு மேல் காட்டினால் போத்தலை நிராகரிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியையும், பசை இருக்கக்கூடாது என்ற விதியையும் போன வருடம் எழுதியவள் நான்தான்.

பதினொரு கேள்விகளுக்கும் சரி போட்டுவிட்டு, சோடாத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று சும்மா கேட்டேன். ஜெனிற்றா அக்கா பெருமையோடு என்னைப் பின்பக்கம் வெட்டியிருந்த குழிக்குக் கூட்டிப்போனார்.

"இந்தக் கிடங்கைப் பாருங்கோ மிஸ். ஒரு வருசமா ஊத்திறம். ஒருநாளும் நிரம்பினதில்லை. என்ரை மனுசன்ரை வயிறு மாதிரி."

பெண்கள் சிரித்தார்கள். நான் குழியின் அடியை எட்டிப் பார்த்தேன். இங்கே செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், துளைதுளையாக. ஆறு கிடையாது, குடிப்பதெல்லாம் அந்தக் கல்லுக்குள் கிடக்கும் நீர். நிரம்பாத கிடங்கென்றால் ஊற்றியது வேறெங்கோ போயிருக்கிறது. என் படிவத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

9.15. வேலிக்கு அப்பால் முதல் வீடு சிவநேசன் அண்ணையுடையது. வெங்காயத் தோட்டம் செய்கிறார். கிணற்றைப் பார்க்கவேண்டும் என்றதும் முகம் மலர்ந்து, ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிச்சுப் பாரும் பிள்ளை. முந்திச் சவர்க்காரம் போட்டாலும் நுரைக்காத தண்ணி உது. கேத்திலில வெள்ளை வெள்ளையாப் படியும். போன மாரிக்குப் பிறகு பாரும், தொட்டாலே நுரைக்குது. எங்கடை கோயில் ஆஞ்சநேயர் கண் திறந்திட்டார்."

உவர்ப்பும் சுண்ணாம்புமான நீரோடு வாழ்ந்தவர்களுக்கு நுரை வந்தால் அது நல்ல தண்ணீர். அதனால் ஐந்தாறு அயல்வீட்டார் தினமும் மாலை நான்கு மணிக்கு வாளியோடு இங்கேதான் வருகிறார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் அவர் மகள் பவித்திரா, நாற்பது நாள் குழந்தையை இதிலேதான் குளிப்பாட்டுகிறாள்.

கிளாஸுக்குள் கீற்றை நனைத்தேன். கடும் நீலம், ஒன்பதைத் தாண்டியிருந்தது. இந்தத் தண்ணீரில் கழுவிய போத்தலை நான் நிராகரித்திருப்பேன்.

குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். முதுகு சிவந்து, தோல் உரிந்திருந்தது. வேர்க்குரு என்று நினைத்து அதே தண்ணீரால் நாளுக்கு இரண்டு தரம் குளிப்பாட்டியிருக்கிறார்கள். உடனே வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னேன்.

10.00. முற்றத்துக்குத் திரும்பிக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். ஜெனிற்றா அக்கா தண்ணீர் கொதித்த அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். "உங்கடை படிவத்தில தண்ணியைப் பற்றி ஒண்டும் போடேல்லையே மிஸ்," என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. உண்மையாகவே தேடிப் பார்த்த குரல். கொழும்பில் மேலாளரை அழைத்தேன். நாமாக விரும்பிச் செய்யும் வேலை இது, கிணறுகள் நம் வாக்குறுதிக்குள் வரவில்லை, படிவத்தில் எல்லாம் சரியென்றால் கையெழுத்திட்டு வா என்றார். மாட்டேன் என்றேன். பிரதேச சபைக்கு நானே போய், குடிநீர் கொண்டுவரும் பவுசர் வண்டி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தேன்.

மாலை 4.00. வாளிகள் வந்தன. நான் சொன்னதைக் கேட்டு, சிவநேசன் அண்ணை கிணற்றடியில் குறுக்கே நின்றார்.

"நல்ல தண்ணி வந்த உடனை அண்ணைக்குக் கை இறுகிப்போச்சு," என்றார் ஒரு பெண்.

சிவநேசன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கீற்றை நனைத்துக் காட்டினேன். "நீலம் வடிவாத்தானே இருக்கு," என்று இன்னொருவர் சிரித்தார். அப்போதுதான் பவித்திரா வைத்தியரிடமிருந்து திரும்பி வந்தாள். துணியை விலக்கிக் குழந்தையின் முதுகை அவர்கள் பக்கம் திருப்பினாள். மருந்து பூசியிருந்தது. சிரிப்பு நின்றது.

"எப்ப துவக்கம்?" என்று வாளியைக் கீழே வைத்துக் கேட்டார் முதலில் பேசியவர்.

"போத்தலைச் சோடாவில ஊறவைக்கத் துவங்கின நாளில இருந்து," என்றேன். "பசை இருக்கக்கூடாது எண்டு எழுதினது நான்."

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிற்க இலகுவாக இருந்திருக்கும்.

பேருந்து இரவு 7.30க்கு. கொழும்பில் எங்கள் வீட்டுக் குழாய்நீர் ஒருநாள் கலங்கினாலும் அழைத்துக் கேட்க ஓர் இலக்கம் உண்டு. இந்தக் கிணற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அடுப்புக் கரி ஒரு துண்டு வாங்கி, கிணற்றுக்கட்டின் மேல் என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பெரிதாக எழுதிவிட்டுப் புறப்பட்டேன்.