லாலு மறந்த மத்தியானங்கள்

பிஜித் தீவுகளில், லம்பாசாவில் கரும்பு நடும் ஏழுமலை யாரையும் எளிதில் நம்பமாட்டார். 1987இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்தக் குணம் முற்றிப்போனது. பூட்டிய வீடுகளில் திருடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து காலையில் வாசலை விட்டு நகரமாட்டார். மனைவி கம்லா விடியுமுன்னே ரொட்டிக்கடை வேலைக்குப் போய் மதியம் திரும்புவாள். அதன்பிறகுதான் அவர் வயலுக்குப் போவார்.

பக்கத்து நிலத்து தேவேந்திரா குடும்பத்தோடு கனடா கிளம்பிக்கொண்டிருந்தான். தன் சிவப்புக் காளை லாலுவை ஏழுமலைக்குக் கொடுத்து, அவருடைய கறவைப் பசுவை ஊரிலேயே தங்கும் தன் தங்கை இந்திராவதிக்கு மாற்றிக்கொண்டான்.

"கரும்பு வரிசை முடிஞ்சதும் கயித்த ரெண்டு தரம் சுண்டுங்க, தானாத் திரும்பும்" என்றான்.

திரும்பவில்லை. களை எடுக்கக் கலப்பையில் பூட்டிய நான்கு மத்தியானமும் லாலு வரிசை முனையில் மரம்போல நின்றது. பிடித்து இழுத்தால் இளங்கரும்பை மிதித்தது. புல்லோ கரும்பை அமுக்கிக்கொண்டு வளர்ந்தது. பழக்காத மாட்டைத் தலையில் கட்டிவிட்டுச் சனிக்கிழமை விமானம் ஏறப் பார்க்கிறான் என்று ஏழுமலைக்கு உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை சண்டைக்குப் போனார்.

"அரே அண்ணே, மாட்ட எத்தன மணிக்குப் பூட்டுறீங்க?" என்றான் தேவேந்திரா.

"ரெண்டு மணிக்கு. ஏன், ஒன் மாடு வாட்ச் பாக்குமா?"

"பாக்கும்போலத்தான் இருக்கு. ஆறு மாசமாக் காலைல ஆறு மணிக்குத்தான் பழக்குனேன். வேற நேரத்துல, கத்துக்கிட்டதே அதுக்கு ஞாபகம் வராது. காலைல பூட்டிப் பாருங்க."

ஏழுமலைக்குச் சந்தேகம் இரட்டித்தது. காலையில் நம்மை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறானே, எதற்கு?

கம்லாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "அவன் சாமானையே அள்ள முடியாம முழிக்கிறான். நம்ம ஓட்டைத் தகரப்பெட்டி அவனுக்கு எதுக்கு?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு லாலுவைப் பூட்டினார். வரிசை முடிந்தது. கயிற்றைச் சுண்டினார். லாலு ஒரு கரும்பையும் மிதிக்காமல் அழகாகத் திரும்பி அடுத்த வரிசையில் நுழைந்தது. அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். கதவு சாத்தியே இருந்தது. மூன்றாவது வரிசையில் பார்க்க மறந்துவிட்டார்.

மதியம் மறுபடி பூட்டினார். அதே மாடு, அதே கயிறு. மரம்போல நின்றது.

சனிக்கிழமை வழியனுப்பப் போனவருக்குத் தேவேந்திராவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இந்திராவதியிடம் மட்டும் சொன்னார்: "காலைல நான் வயலுக்குப் போயிடுவேன். வீட்டக் கொஞ்சம் பாத்துக்கம்மா."

சாவியைக் கொடுக்கவில்லை.