கடைசி பிளேட்டும் வத்தல்மலை மான்களும்

தருமபுரி கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த சவுரியப்பனுக்கு மான் கிறுக்கு. கல்யாண ஜோடிகளைப் படம் பிடித்துப் பிழைப்பை ஓட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் மனுஷன். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாச் சுவரில், அந்தி மங்கலில் மான்கள் நிற்கிற ஓவியம் ஒன்றைப் பார்த்துத் தொலைத்தார். உருவமெல்லாம் சாயத்தில் கரைந்து கிடந்தது. அதையே கேமராவில் எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பியவர், ஐந்தாறு வருஷம் வத்தல்மலைக்கு ஏறி இறங்கினார்.

வழி காட்டியவன் மலைக் குடியானவன் செல்லன். சாமை அறுத்த அவன் கொல்லைக்கு வெயில் சாய்ந்ததும் புள்ளிமான்கள் மேய வரும். சவுரியப்பன், ஓவியம் மாதிரி மங்கலாக விழட்டும் என்று லென்ஸ்மேல் மெல்லிய மல் துணியைக் கட்டி, மூடியில் கை வைத்துக் காத்திருப்பார். இருக்கிற வெளிச்சத்துக்கு மூடியை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் மான் ஓடிவிடும். படம் விழுகிற கண்ணாடி பிளேட்டு பாழாவதுதான் மிச்சம். செல்லன் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

யுத்தம் வந்தது. மதராஸிலிருந்து கண்ணாடி பிளேட்டு வருவது நின்றுபோனது. செல்லனும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். விடிந்தால் பயணம் என்கிற நிலையில், அவன் மனைவி சென்னம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: போகுமுன் அவன் முகத்தைப் படம் பிடித்துத் தரவேண்டும். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று மலையே பயந்த காலம் அது. அவள் பயப்படவில்லை. கடையில் மிச்சமிருந்த ஒரே பிளேட்டோடு சவுரியப்பன் மலை ஏறினார்.

போய்ச் சேரும்போதே பொழுது இறங்கிவிட்டது. செல்லன் இரவல் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, கொல்லையோரம் விறைப்பாக நின்றான். சவுரியப்பன் கேமராவை நிறுத்தினாரோ இல்லையோ, எதிர்ப்பக்கத்துச் சரிவில் மான்கள் இறங்கின. லேசான பனி, அணையப்போகிற மஞ்சள் வெளிச்சம். அத்தனை வருஷம் அவர் தவம் கிடந்த காட்சி. அவர் கண் போன திக்கைச் செல்லன் பார்த்துவிட்டான்.

"மானையே புடிங்க அய்யா," என்று கிசுகிசுத்தான். "நான் திரும்பி வந்து புடிச்சுக்கறேன்."

மரியாதைக்குச் சொன்ன பேச்சு அது. அது தெரியாத ஆளா சவுரியப்பன்? இல்லடா, நீ நில்லு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாவி மனுஷன், கேமராவைத் திருப்பினார். சென்னம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் அவர் நினைத்தபடியே விழுந்தது. மேயும்போது மான்கள் அசைந்த இடமெல்லாம் தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி கரைந்திருந்தது. இது எழுதினதா, பிடித்ததா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். சவுரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறு வருஷம், செல்லன் பர்மாப் பக்கம் செத்துப்போனான் என்று தகவல் வந்தது. துக்கம் கேட்க வெறுங்கையோடு போக மனமில்லாமல், அந்தப் படத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனார். அது எவ்வளவு புத்திகெட்ட வேலை என்பது மலை ஏறி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சென்னம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அவனும் அங்கேதானே நின்றான், எங்காவது விழுந்திருப்பான் என்று அவள் நினைப்பு. ஓரமெல்லாம் விரலை வைத்துத் தேடினாள்.

"இதுல அவரு எந்தப் பக்கம் நிக்கறாருங்க?"

அவன் நின்றது கேமராவுக்குப் பின்னால். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"மானு மறுநாளும் வந்திருக்குமேங்க."

அவர் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கொல்லையில் மான்கள் வந்து மேய்ந்துகொண்டிருந்தன.